புழுவெட்டு என்னும் நோயும் அதன் பெயரும்

எல்கடுவவிலிருந்து ஒரு தமிழாசிரியர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, தமிழாசிரியர் என்ற முறையிலே இலக்கிய நயம் பற்றியோ, சமயப் பெரியார் ஒருவரின் வரலாறு பற்றியோ நாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்தகைய பொருள்கள் இம்மலரிலே வேறு பலர் கையாற் சிறப்புற அமையும் என்பதில் ஐயமில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு ரூபாக் காசின் அளவினது. தலையிலே மயிர் வட்டமாய் உதிர்ந்து தோல் வெளித்தெரியும் புழுவெட்டு என்னும் நோயே அது. உயிரைக் கொல்லாத இந்நோய் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பைக் கொல்வதை நாம் எமது பகுதியிலே கண்டிருக்கின்றோம். அதற்கு நோய் ஒரு பாதி காரணமென்றால், அதன் பெயர் மற்றப் பாதி காரணமாகும். சொல்லாராய்ச்சி தமிழாசிரியர்க்கு உரிய தொழில் ஆதலின், இப்பொருள் எமக்கு முற்றிலும் புறம்பானது அன்று.

இந்நோயின் தோற்றம் யாவரும் எளிதில் அறியத்தக்கது. நேற்றுவரை அடர்ந்திருந்த தலையிலே ஒருநாட் காலை சீப்பு வழுக்கிச் செல்லும். தொட்டுப் பார்த்தால் ஓரிடம் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வழுவழுப்பாய் இருக்கும். அங்கே புண் இல்லை, செதில் இல்லை, பெரும்பாலும் நோவும் இல்லை. அவ்வட்டத்தின் ஓரத்திலே நுனி தடித்து அடி மெலிந்த குறுமயிர்கள் சில நிற்பதுண்டு. வியப்புக்குறியைப் போன்று தோன்றுதலின், வைத்தியர்களும் அவற்றை வியப்புக்குறி மயிர் என்றே வழங்குவர். சிலர்க்கு ஒரு வட்டத்தோடு நோய் நின்றுவிடும். சிலர்க்குப் பல வட்டங்கள் தோன்றி ஒன்றோடொன்று கூடும். ஆடவரின் தாடியிலும், புருவத்திலும், இமையிலும் வருவதுண்டு. மிகச் சிலர்க்குத் தலை முழுவதும், அல்லது உடல் முழுவதும் மயிர் நீங்கிவிடும்.

மயிரை நம் முன்னோர் சிறுபொருளாகக் கருதவில்லை. ஆடவர் தலைமயிரைக் குஞ்சி என்றும், பெண்டிர் தலைமயிரைக் கூந்தல், ஓதி, ஐம்பால் என்றும் வேறுவேறு பெயரிட்டு வழங்கியது தமிழ். தலையினின்றும் வீழ்ந்த மயிரை, நிலையினின்றும் தாழ்ந்த மாந்தர்க்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். மயிர் நீங்கின் உயிர்வாழாக் கவரிமாவை மானத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தவரும் அவரே. மானமும் மயிரும் இவ்வாறு ஒருங்கு பிணைக்கப்பட்ட மரபிலே பிறந்த பிள்ளை, தன் தலையிலே ஒரு வட்டம் வெறுமையானதைக் கண்டு நாணுவதில் வியப்பில்லை.

ஆயினும் இதிலே ஒரு விந்தையும் உண்டு. மாரியம்மனுக்கோ முருகப்பெருமானுக்கோ நேர்ந்துகொண்டு தலைமுழுவதையும் மழித்து வரும் பிள்ளையை ஒருவரும் இகழ்வதில்லை. சந்தனம் பூசிய அத்தலையைத் தடவி மகிழ்கின்றோம். காசளவு இடம் தானாக வெறுமையானால் மாத்திரம் விலகி நிற்கின்றோம். எனவே நாம் அஞ்சுவது மயிரில்லாத் தலைக்கன்று. கேளாமல் வந்த குறைக்கும், அக்குறை நம்மையும் பற்றிக்கொள்ளுமோ என்ற ஐயத்துக்குமே அஞ்சுகின்றோம். அவ்வையத்தை விதைப்பது புழுவெட்டு என்ற சொல்லாகும். புழு என்றொன்று தலையிலே இருந்து மயிரை வெட்டுகின்றது என அது கூறுகின்றது. புழு உண்டாயின் அது ஊரும். ஊர்வது ஒரு தலையினின்றும் மற்றொரு தலைக்குச் செல்லும். ஆதலின் விலக்கி வைத்தலே தக்கது என்று பேதை நெஞ்சம் முடிவு கட்டிவிடுகின்றது.

எமது பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே வாழ்ந்து, ஒன்பதாந் தரத்திலே கற்ற மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். அவளுடைய வலக் காதின் பின்னே ஒரு வட்டம் தோன்றியது. சடை பின்னிவிட்ட அயல்வீட்டுப் பெண் அதனைக் கண்டு உரைக்க, மறுநாளே லயம் முழுவதும் அறிந்தது. வகுப்பிலே அவளருகில் இருந்தவள் இடம் மாறிக்கொண்டாள். வீட்டிலே பாட்டி குன்றிமணியை அரைத்துப் பூச, தோல் கொப்புளித்துப் புண்ணாயிற்று. பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாம் வீடு சென்று வினவியபோது, கொழுந்து கொய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த தாய், “சேர், புள்ள தலையில புழு அரிச்சிருச்சுங்க. மத்தப் புள்ளைங்களுக்கும் தொத்திரும்னு சொல்றாங்க. அதான் அனுப்பல” என்றார். அச்சொற்களிலே வெகுளி இல்லை. பிறர் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரலாகாது என்ற நல்லெண்ணமே இருந்தது. நல்லெண்ணமும் பிழையான சொல்லினாலே வழிதவறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர் அரசாங்க வைத்தியசாலையிலே காட்டியபோது, வைத்தியர் வில்லையொன்றினால் நோக்கி, புழுவும் இல்லை, தொற்றும் இல்லை எனக் கூறிப் பூசுமருந்து கொடுத்தார். சில மாதங்களிலே முதலில் வெண்மயிரும் பின்னர்க் கருமயிருமாக அவ்விடம் நிரம்பியது. மயிர் திரும்பியது, இழந்த ஒரு தவணைப் பாடங்கள் திரும்பவில்லை.

இனி, இந்நோயைப் பற்றி ஆயுள்வேத நூலோர் கூறியதைக் காண்போம். வடமொழியிலே இதற்கு இந்திரலுப்தம் என்று பெயர். சுசுருத சங்கிதை நிதானத் தானத்திலே, சிறுநோய்களைக் கூறும் பகுதியில் இதன் தோற்றம் சொல்லப்படுகின்றது. மயிர்க்கால்களை அடைந்த பித்தம் வாதத்தோடு கூடி மயிரை உதிர்க்கும். அதன் பின்னர்க் கபம் இரத்தத்தோடு கூடி அம்மயிர்க்கால்களை அடைத்துவிடும். ஆதலின் புதுமயிர் முளைப்பதில்லை என்பது அந்நூலின் கருத்து. வாக்படரின் அஷ்டாங்க இருதயம் இதனையே வழிமொழிந்து, திடீரென வருவது இந்திரலுப்தம், படிப்படியாக வருவது கலதி என வேற்றுமை காட்டுகின்றது. மாதவ நிதானத்தின் உரையாகிய மதுகோசம், தாடியில் வருவது இந்திரலுப்தம், தலையில் வருவது காலித்தியம், உடல் முழுவதும் வருவது ருஹ்யா என்று பகுத்துரைத்த ஆசிரியர் ஒருவரின் கொள்கையையும் எடுத்துக் காட்டுகின்றது. இந்நாளைய வைத்தியரும் தாடியில் வருவது, தலை முழுதும் பரவுவது, உடல் முழுதும் பரவுவது என இந்நோயைப் பகுப்பர் என்பது நோக்கத்தக்கது. முன்னோர் கண்ணாற் கண்டதை நுணுகிக் கண்டனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கூறிய காரணத்திலே புழுவுக்கு இடமில்லை என்பதையும் நாம் கருத்திலே கொள்ளல் வேண்டும்.

இந்திரலுப்தம் என்ற சொல்லிலே எமக்கு ஓர் இன்பம் உண்டு. லுப்தம் என்பதும், இலக்கண நூலார் வழங்கும் லோபம் என்பதும் ஒரே வேரிற் பிறந்தவை. எழுத்து மறைவதை வடநூலார் லோபம் என்பர். நாம் கெடுதல் விகாரம் என்போம். மரம் என்பதும் வேர் என்பதும் புணர்ந்து மரவேர் என்றாகும்போது மகரமெய் கெடுகின்றது. கெட்டது என்பதனாலே அது அழிந்துவிட்டதென்பது பொருளன்று; சொல்லைப் பிரித்தவுடன் தன்னிடத்திலே வந்து நிற்கும். இந்நோயிலே மறைந்த மயிரும் அத்தகையதே. அதன் காரணத்தை மேலே கூறுவோம்.

சுசுருதர் கூறிய சிகிச்சை கடுமையானது. தலைக்கு எண்ணெயும் ஒற்றடமும் இட்டு, நாளத்தைக் கீறிக் குருதி வெளியேற்றி, மனோசிலை, அன்னபேதி, துருசு, மிளகு ஆகியவற்றை அரைத்துப் பூசுதல் ஒரு முறை. தோலைச் சுரண்டிக் குன்றிமணி விழுதைப் பன்முறை பூசுதல் இன்னொரு முறை. அலரி, சித்திரமூலம், புங்கு முதலியன சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் தேய்த்தல் பிறிதொரு முறை. தமிழ் வைத்திய மரபிலே சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பதும், ஆற்றுத்தும்மட்டிக் காயைத் தேய்ப்பதும் வழக்கிலுண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துத் தமிழ் வைத்திய நூலாகிய பரராசசேகரத்திலே தலைநோய்களுக்கெனத் தனிப்பகுதி அமைந்துள்ளமை, நம்மவர் இத்துறையிலே கொண்ட கருத்தைப் புலப்படுத்தும். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் அந்நூலைப் பதிப்பித்து அழியாமற் காத்தமை தமிழர் என்றும் நினைவிற் கொள்ளத்தக்க பணியாகும்.

எனினும் இம்மருந்துகளைப் படித்தவுடன் செய்து பார்ப்பது பேதைமை. மனோசிலை பாடாணச் சத்துடையது. அலரி நஞ்சு. குன்றிமணியிலே உள்ள ஏப்ரின் என்னும் புரதம் மிகக் கொடிய நஞ்சாகும். புண்பட்ட தோலினூடாகவும், கண்ணிலே பட்டாலும், அரைத்ததை விழுங்கினாலும் பெருந்தீங்கு விளையும். பண்டை வைத்தியர் இவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து, நோயாளியின் அருகிலிருந்து பயன்படுத்தினர். அச்சுத்தியும் அளவும் நீங்க, நஞ்சு மாத்திரமே லயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. நூலைப் பழித்தல் முறையன்று. நூலறியாது அதன் பெயரைச் சொல்லுதலே பழிக்கத்தக்கது.

மேல்நாட்டார் இதனை முதலிலிருந்தே செவ்வையாக அறிந்திருந்தனர் என எண்ணுதலும் தவறாகும். அலோபீசியா என்ற அவர்களது பெயர் நரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது. சொறிபிடித்து மயிர் உதிர்ந்த நரியை நினைந்து இட்ட பெயர். உரோமரான செல்சசு, தலையின் பின்புறத்தினின்று காதுகளை நோக்கி வளைந்து செல்லும் வகைக்குப் பாம்பின் பெயரை இட்டு வழங்கும் வழக்கத்தைக் குறித்துள்ளார். அலோபீசியா அரியேட்டா என்ற முழுப்பெயரை 1763 இலே பிரெஞ்சு வைத்தியரான சொவாசு வழங்கினார். 1843 இலே பாரிசு நகரத்திலே குரூபி என்பார் தலைமயிரிலே நுண்ணிய பங்கசு ஒன்றைக் கண்டறிந்தார். அது வேறொரு நோய்க்குக் காரணமானது. ஆயினும் இரு நோய்களும் ஒன்றோடொன்று மயங்கியமையால், மயிர்வட்டம் அனைத்தும் ஒட்டுயிரால் வருவதே என்று ஒரு சாராரும், நரம்பின் கோளாறே என்று மற்றொரு சாராரும் அந்நூற்றாண்டு முழுவதும் வாதிட்டனர். நாம் புழு என்றதை அவர்கள் ஒட்டுயிர் என்றார்கள், வேற்றுமை அவ்வளவே.

இன்றைய அறிவு இருசாராரையும் கடந்து சென்றுவிட்டது. மனிதர் தலையிலே ஏறக்குறைய 100,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதம் ஒரு சென்ரிமீற்றரளவு வளர்ந்து, சில ஆண்டுகளின் பின்னர் ஓய்வுற்று உதிர, அதே மயிர்க்காலிலே புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் வளரும் மயிர்க்காலைத் தாக்காதவாறு இயற்கை ஒரு காப்பு வைத்துள்ளது. அக்காப்பு நீங்கும்போது, பகைவரைத் தாக்கவேண்டிய அணுக்கள் மயிரின் வேரைச் சூழ்ந்துகொள்கின்றன. நுணுக்குக்காட்டியிலே அக்காட்சி தேனீக்கள் மொய்த்தாற்போல் இருக்கும் என வைத்திய நூலார் வருணிப்பர். மயிர் வளர்ச்சி இடையிலே அறுபட்டு உதிர்கின்றது. ஆனால் மயிர்க்கால் அழிவதில்லை. முற்றுகை நீங்கின் ஆண்டுகள் பல கழிந்தும் மயிர் மீளலாம். நாம் மேலே கூறிய கெடுதல் விகாரம் இதுவே.

இந்நோய் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருகின்றது. குடும்ப வழியாகவும் வரும். தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, வெண்படை ஆகிய நோய்கள் சிலர்க்கு உடன்வருவதுண்டு. ஒன்றிரண்டு வட்டங்களோடு நின்றோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர்க்கு ஓராண்டினுள் மருந்தின்றியே மயிர் வளர்கின்றது. ஆயினும் மீண்டும் வருதல் உண்டு. சிறுவயதிலே தொடங்குவதும், தலை முழுதும் பரவுவதும் எளிதில் தீர்வதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு இது ஒருபோதும் தொற்றுவதில்லை. இவ்வொரு வாக்கியத்தை ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தற் பலகையிலும் எழுதிவைத்தல் தகும்.

தொற்றும் நோயும் ஒன்று உண்டு. அதனையும் கூறாதுவிடின் எமது உரை குறையுடையதாகும். தலைப்படர்தாமரை என்பது பங்கசினால் வருவது. பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. அதிலே தோல் செதிலாகும், அரிக்கும், மயிர் குறுகக் குறுக ஒடிந்து கரும்புள்ளிபோல் நிற்கும், சில வேளை சீழும் கட்டும். சீப்பு, தொப்பி, தலையணை என்பவற்றாலும், வளர்ப்புப் பிராணிகளாலும் அது பரவும். மேலே பூசும் மருந்து மாத்திரம் அதற்குப் போதாது. உண்ணும் மருந்து வேண்டும். கிரிசியோபுல்வின் என்னும் மருந்தை உண்பதனால் இப்பங்கசு நீங்கும் என்பது 1958 அளவிலே தெளிவாயிற்று; இன்று வேறு மருந்துகளும் உள்ளன. இனி, மனத்துயராலே தன் மயிரைத் தானே பிடுங்கும் பிள்ளையும் உண்டு. இறுகப் பின்னிய சடையினால் நெற்றியோரத்து மயிரை இழக்கும் பிள்ளையும் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றுபோலிருப்பினும் காரணம் வேறு. காரணம் வேறாயின் மருந்தும் வேறு. நோயை ஆராய்ந்து, அதன் முதலை ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடுக என்ற வள்ளுவர் வாய்மொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

காரணத்தை ஆராயாது பெயரிடுதலின் கேட்டை அண்மையிலும் கண்டோம். இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் புல்தானா மாவட்டத்திலே, 2024 டிசெம்பர் இறுதியிலும் 2025 ஜனவரியிலும், சேகாவ் பகுதிக் கிராமங்கள் பலவற்றில் மக்கள் திடீரெனத் தலைமயிரை இழந்தனர். தண்ணீரின் குற்றம் என்றனர் சிலர். பங்கசு என்றனர் சிலர். தேட்கடி மருத்துவ ஆராய்ச்சியினாலே புகழ்பெற்ற வைத்தியர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அம்மக்கள் உண்ட கோதுமையைச் சோதித்து, அதிலே செலீனியம் என்னும் தாது மிகுதியாய் இருந்தமையே காரணம் என எடுத்துரைத்தார். அது இந்திரலுப்தம் அன்று. வேறொரு மயிர் உதிர்வு. ஆயினும் ஆராய்ந்து பார்க்குமுன் அச்சமே முந்திக்கொள்ளும் என்பதற்கு அக்கிராமங்கள் சாட்சியாகும்.

இந்நாளைய சிகிச்சையைச் சுருக்கிக் கூறுவோம். சிறிய வட்டங்களுக்கு ஸ்ரெரொயிட்டு மருந்தைப் பூசுவர். வளர்ந்தோர்க்கு அதனை அவ்விடத்துத் தோலிலே சில கிழமைக்கொருமுறை ஊசியாலும் ஏற்றுவர். வேறொரு முறையும் உண்டு. வேண்டுமென்றே ஒவ்வாமை உண்டாக்கும் மருந்தொன்றைத் தலையிலே தடவிச் சிறிய அழற்சியை எழுப்புவர்; மயிர்க்காலை முற்றுகையிட்ட அணுக்கள் அதனாலே திசை திரும்பும். 1970 களின் பிற்பகுதியிலிருந்து இம்முறை வழக்கிலுள்ளது. மிளகும் குன்றிமணியும் வெங்காயமும் தோலை எரிப்பவை என்பதை நினைத்துப் பார்க்கின், முன்னோர் முறைக்கும் இம்முறைக்கும் ஓர் ஒற்றுமை தோன்றும். ஒற்றுமை தோன்றுதல் மாத்திரம் நிரூபணம் ஆகாது. ஆயினும் ஆராய்வார்க்கு அது நல்ல வாயிலாகும்.

அண்மைக் காலத்திலே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. 2014 இலே அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஞ்செலா கிறிஸ்ரியானோ முதலிய ஆராய்ச்சியாளர், அவ்வெள்ளணுக்கள் தம்முள்ளே செய்தி கடத்தும் வழியை மறிக்கும் மருந்தினாலே மயிர் மீள்வதைக் காட்டினர். அதன் வழியே பாரிசிட்டினிப் என்னும் மாத்திரை 2022 ஜூனிலே அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. இந்நோய் கடுமையாக உற்ற வளர்ந்தோர்க்கு அதுவே அங்கே முதன்முதல் அனுமதிக்கப்பட்ட உண்மருந்து. இரு பெரும் பரிசோதனைகளிலே 36 கிழமைகளின் பின்னர், நூற்றுக்கு 35 முதல் 39 பேர் வரையிலானோர்க்குத் தலையின் ஐந்திலே நான்கு பங்கேனும் மயிர் நிரம்பியது. வெறும் மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 3 முதல் 6 பேர்க்கே அவ்வாறு ஆயிற்று. மருந்தை நிறுத்தினால் பலர்க்கு மயிர் மீண்டும் உதிர்கின்றது. கிருமித்தொற்று, இரத்தம் உறைதல் முதலிய தீங்குகளும் நேரலாம் என்ற எச்சரிக்கை அதனோடு உண்டு, விலையும் பெரிது. காசளவு வட்டத்துக்கு இது மருந்தன்று.

வெறும் மாத்திரை உண்டோரையும் ஏன் கணக்கிட்டனர் என ஒருவர் வினவலாம். இவ்வினாவிலேதான் இக்கட்டுரையின் உயிர்நாடி இருக்கின்றது. தானாகத் தீரும் இயல்புடைய நோய்க்கு எதைப் பூசினாலும் பூசியது பலித்ததாகத் தோன்றும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முதுமொழி. காகம் இராத பனையிலும் பழம் விழுகின்றதா எனப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. நாட்டு மருந்துக்கும் இச்சோதனை இயலும். 2002 இலே வெளிவந்த பக்தாத் நகரத்து ஆராய்ச்சியொன்றிலே, 23 பேர் வெங்காயச் சாற்றையும் 15 பேர் வெறுந்தண்ணீரையும் நாளுக்கு இருமுறை இரண்டு மாதம் பூசினர். ஆறு கிழமைகளிலே வெங்காயச் சாறு பூசியோரில் 20 பேர்க்கு மயிர் முளைத்தது. தண்ணீர் பூசியோரில் இருவர்க்கே முளைத்தது. 1998 இலே ஸ்கொத்லாந்தின் அபர்தீனிலே 84 பேரிடம் நடந்த ஆராய்ச்சியிலே, மணமுள்ள மூலிகைத் தைலங்கள் சேர்ந்த எண்ணெய் தேய்த்தோரில் நூற்றுக்கு 44 பேரும், அவை சேராத எண்ணெய் தேய்த்தோரில் நூற்றுக்கு 15 பேரும் நலம் பெற்றனர். இவை சிறிய ஆராய்ச்சிகளே. இவற்றைக்கொண்டு அறுதியிட்டுரைத்தல் ஆகாது. ஆனால் பாட்டியின் வெங்காயத்தையும் தராசிலே இட்டு நிறுக்கலாம் என்பதை இவை காட்டுகின்றன. நிறுத்துப் பாராது போற்றுவதும், நிறுத்துப் பாராது எள்ளுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்களாம்.

நம் நாட்டிலே இரு வைத்தியங்களுக்கும் அரசின் ஆதரவு உண்டு. 1929 இலே கொழும்பு பொரளையிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. ஆதலின் ஆயுள்வேதத்தை நாடுவோர் பதிவு பெற்ற வைத்தியரை நாடலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியிலே வாசனைத் திரவியத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படும் எண்ணெய்ப் போத்தல்களை வைத்தியம் என எண்ணி ஏமாறவேண்டியதில்லை. மாத்தளையிலும் கண்டியிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளிலே பணம் வாங்காது பார்க்கின்றனர். எல்கடுவவிலிருந்து அங்கே செல்லத் தாய்க்கு ஒரு நாட் பேர் போகின்றது. பஸ் கட்டணமும் ஆகின்றது. வைத்தியம் இலவசமாயினும் வைத்தியரிடம் சென்றடைதல் இலவசம் அன்று.

சொல்லைப் பற்றியும் ஒரு விண்ணப்பம் உண்டு. 1847 இலே இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள், அதற்கென நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்களை ஆக்கியும் தொகுத்தும் தந்தார். பிறநாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? இந்நோயை மயிர்வட்டம் என்று வழங்கினால் என்ன? காண்பதைக் கூறும், இல்லாத புழுவைக் கூறாது. பிள்ளையின் அருகிலே அமர்வாரை அஞ்சுவிக்கவும் மாட்டாது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் உளர், அதிபர் உளர், வணிகர் உளர். வைத்தியராயினோர் ஆண்டிலே ஒரு நாளேனும் தோட்டப்புறத்துப் பாடசாலைக்கு வந்து, தாய்மார் முன்னிலையிலே நல்ல தமிழிற் பேசுதல் வேண்டும். அதிபராயினோர் தலைமயிர் ஒழுங்கு பார்க்கும் நாளிலே, மயிர்வட்டமுள்ள பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசி, தொப்பியோ துணியோ அணிய இசைவு தருதல் வேண்டும். வணிகராயினோர் வைத்தியசாலை செல்லும் ஏழைத் தாயின் பஸ் கட்டணத்துக்கும் ஒரு நாட் கூலிக்கும் ஈடாகச் சிறுநிதி ஒன்றை அமைத்தல் பெரிய காரியமன்று. ஆசிரியராகிய நாம் செய்யவேண்டியதோ இவையனைத்தினும் எளியது: அப்பிள்ளையை முன்வரிசையிலே, மற்றப் பிள்ளைகளின் நடுவிலே அமர்த்துதல். மயிர் வளர்வது எவர் கையிலும் இல்லை. அது வளருமட்டும் பிள்ளையின் படிப்புத் தடைப்படாது காத்தல் நம் கையில் உள்ளது. கல்வி தந்த கல்லூரி அன்னைக்கு அவள்தம் மைந்தர் செலுத்தும் நன்றிக்கடன் இத்தகைய சிறு செயல்களாலே நிறைவேறுவதாக. கல்லூரி நீடு வாழ்க!